ரன்-அப்பிலும் பிடிபடாத தவறு: பிஸ்டன் விமானத்தில் ஜெட் எரிபொருள் ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி

ஏவ்கேஸ் (பிஸ்டன் விமானத்துக்கான பெட்ரோல்) ஊற்ற வேண்டிய டாங்கில் ஜெட் ஏ-1 (டர்பைன் விமானங்களுக்கான எரிபொருள்) ஏறிவிட்டால் இன்ஜின் உடனே மக்கர் செய்யாது. ஸ்டார்ட் ஆகும், டாக்ஸி போகும், ரன்-அப்பில் (கிளம்புமுன் இன்ஜினைத் தரையில் ஓட்டிப் பார்ப்பது) மேக்னெட்டோ (பிளக்குக்குத் தீப்பொறி தரும் கருவி) சோதனைகூட ஒழுங்காகவே வரும். ஓடுபாதையை விட்டு எழும்பிச் சில நூறு அடி போன பிறகுதான் கோளாறு தலைகாட்டும். திரும்பி வர உயரம் போதாது, நேரே இறங்கப் பாதை மிச்சமில்லை என்ற இடத்தில் அது நடக்கும்.

காரணம் எளிய கணக்கு. டாங்கில் என்ன ஊற்றினாலும் குழாய்கள், கேஸ்கோலேட்டர் (எரிபொருள் வடிகட்டி) கிண்ணம், கார்புரேட்டர் கிண்ணம் எல்லாவற்றிலும் பழைய ஏவ்கேஸ் நிற்கிறது. அது ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 180 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்று தரையில் மெதுவாக ஓடும்போது மணிக்கு 6 முதல் 8 லிட்டர் குடிக்கும். அந்த ஒரு லிட்டர் எட்டுப் பத்து நிமிடம் தாங்கிவிடும், டாக்ஸிக்கு அது தாராளம். திராட்டிலை முழுதாகத் திறந்ததும் குடிப்பது மணிக்கு 55, 60 லிட்டராக ஏறுகிறது. மிச்சமிருக்கும் நல்ல எரிபொருள் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்து, டேக்-ஆஃப் நடுவில் புதுச்சரக்கு வந்து சேர்கிறது. டாங்கில் பாதி ஏவ்கேஸ் ஏற்கெனவே இருந்தால் இன்னும் மோசம். அந்தக் கலவை குறைந்த சக்தியில் ஓசையில்லாமல் எரியும், முழுச் சக்தி கேட்கும்போதுதான் காலை வாரும்.

அதனால் ரன்-அப் நன்றாக வந்தது என்பது எரிபொருள் சரி என்பதற்குச் சான்று ஆகாது. இந்தத் தவறைப் பிடிக்க இரண்டே இடங்கள் உண்டு: நாசில் டாங்க் வாய்க்குள் போகும் நொடி, அதன் பிறகு டாங்க் அடியிலிருந்து மாதிரி எடுக்கும் நொடி. கீழே வருவதெல்லாம் இந்த இரண்டு இடங்களையும் எப்படிக் காப்பது என்பதுதான்.

சிலிண்டருக்குள் நடப்பது

ஜெட் ஏ-1 அடிப்படையில் சுத்திகரித்த மண்ணெண்ணெய். ஏவ்கேஸ் 100எல்எல் பெட்ரோல் வகை. அதன் மோட்டார் ஆக்டேன் (தானே வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு) குறைந்தபட்சம் 99.6. மண்ணெண்ணெயின் ஆக்டேன் அதற்குப் பக்கத்தில்கூட வராது. பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் பழைய பம்ப் இன்ஜின்களைப் பார்த்தவர்களுக்கு, “அது ஓடும்போது இது ஏன் ஓடாது” என்று தோன்றலாம். அந்த இன்ஜின்களின் அமுக்க விகிதம் மிகக் குறைவு. விமானங்களில் பரவலாக இருக்கும் 160, 180 குதிரைத்திறன் லைகமிங் இன்ஜின்களில் அது 8.5:1. அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் மண்ணெண்ணெய் ஆவி சுடர் வந்து சேரும் வரை காத்திருக்காது. பிளக் கொளுத்திய சுடர் சிலிண்டரைக் கடந்து முடிப்பதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை ஒரேயடியாகத் தானே வெடிக்கிறது. இதுதான் டெட்டனேஷன்.

ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பது போல விழும். அதைவிடப் பெரிய கேடு சூடு. அலுமினியப் பிஸ்டனையும் சிலிண்டர் தலையையும் ஒட்டி மெல்லிய வாயுப் படலம் ஒன்று காப்பாக நிற்கிறது. டெட்டனேஷனின் அழுத்த அலைகள் அதைத் துடைத்தெடுத்துவிடுகின்றன. சுடரின் வெப்பம் நேரே உலோகத்தில் இறங்குகிறது. சிலிண்டர் தலை வெப்பமானி சிவப்புக் கோட்டை நோக்கி ஓடும் (லைகமிங்கில் பொதுவாக 260 டிகிரி செல்சியஸ்). பிஸ்டன் விளிம்பு உருகும், வளையங்கள் உடையும், கடைசியில் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். முழுச் சக்தியில் இதற்கு ஆகும் நேரம் நிமிடக் கணக்குத்தான்.

கொதிநிலையும் ஒரு பங்கு வகிக்கிறது. ஏவ்கேஸ் முழுதும் 170 டிகிரிக்குள் ஆவியாகிவிடும். ஜெட் எரிபொருள் ஏறத்தாழ 150 டிகிரியில்தான் கொதிக்கத் தொடங்கி 300 வரை போகும். கார்புரேட்டரில் அது ஒழுங்காக ஆவியாகாது. எரியாத துளிகள் வெள்ளைப் புகையாக வெளியேறும், மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கும். ஜெட் எரிபொருளில் கொஞ்ச நேரம் ஓடிய இன்ஜினின் ஆயிலையும் நம்பக்கூடாது என்பது இதனால்தான்.

எதிர்த்திசைத் தவறு இவ்வளவு கொடியதல்ல. டர்பைனில் ஏவ்கேஸ் ஏறினால் பல இன்ஜின்கள் பொறுத்துக்கொள்ளும். பிடி6ஏ என்ற டர்பைன் வகைக்கு இரண்டு ஓவர்ஹாலுக்கு (முழுதும் பிரித்துச் சீரமைப்பது) நடுவே 150 மணி நேரம் வரை அனுமதியே உண்டு. டர்பைன்களோடு புழங்கிப் பழகிய ஊழியருக்கு எரிபொருள் மாறுவது சின்ன விஷயமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். பிஸ்டன் விமானத்தோடு வருபவர் அந்த எண்ணத்தைக் கணக்கில் வைத்தே நடக்க வேண்டும்.

எந்த விமானங்கள் சிக்குகின்றன

ஒற்றை இன்ஜின் பயிற்சி விமானத்தைப் பார்த்து ஜெட் லாரியை ஓட்டி வருபவர் குறைவு. பெரிய, அறை அழுத்தமுள்ள, இரட்டை இன்ஜின் பிஸ்டன் விமானங்கள்தான் அதிகம் மாட்டுகின்றன. செஸ்னா 421 பிஸ்டன். அதே சாயலில் இருக்கும் 425 டர்போபிராப், அதாவது டர்பைன் சுழற்றும் புரொப்பெல்லர். கமாண்டர் 500 வரிசை பிஸ்டன், 690 டர்பைன். பைப்பர் நவாஹோவுக்கும் செயென்னுக்கும், மாலிபுவுக்கும் மெரிடியனுக்கும் இதே உறவு. இன்ஜின் மூடியின் மேல் “டர்போ” என்று எழுதியிருந்தால் குழப்பம் முற்றும். அது பிஸ்டன் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போசார்ஜர் என்பது உங்களுக்குத் தெரியும். லாரி ஓட்டுபவர் கண்ணில் அது டர்பைன். அந்த எழுத்தைச் சுரண்டி எடுத்துவிடுவது மலிவான பாதுகாப்பு.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் லாஸ் குரூசெஸில் நோயாளியை ஏற்றிச் சென்ற செஸ்னா 421சி இப்படித்தான் விழுந்தது. இருந்த 4 பேரும் இறந்தனர். 2015 பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேனில் ஒரு பிஸ்டன் மாலிபு, 2019 அக்டோபரில் இண்டியானா மாநிலத்துக் கோகோமோவில் ஒரு ஏரோஸ்டார், இரண்டிலும் விமானி இறந்தார். கோகோமோ விபத்தில் கவனிக்க இரண்டு விஷயங்கள் உண்டு. ஜெட் நாசில் டாங்க் வாய்க்குள் நுழையவில்லை. ஊழியர் அதைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினார். இன்னொன்று, ஜெட் எரிபொருள்தான் வேண்டுமா என்று விமானியிடம் கேட்டதாகவும் ஆம் என்று பதில் வந்ததாகவும் அவர் விசாரணையில் சொன்னார். தடுப்புச் சாதனம் இருந்தும், கேள்வி கேட்டும், தவறு உள்ளே புகுந்துவிட்டது.

டீசல் பிஸ்டன்கள் இன்னொரு கண்ணி. டயமண்ட் டிஏ40 லைகமிங் இன்ஜினோடும் வருகிறது, ஜெட் ஏ-1 குடிக்கும் ஆஸ்ட்ரோ டீசல் இன்ஜினோடும் வருகிறது. டிஏ42, டிஏ62, டீசலுக்கு மாற்றிய செஸ்னா 172 எல்லாம் ஜெட் எரிபொருளில் ஓடுபவை. இவற்றில் ஏவ்கேஸ் ஏறினால் உயர் அழுத்த பம்புக்கு வழவழப்பு கிடைக்காமல் அது தேய்ந்து போகும். பெட்ரோல் அமுக்கத்தால் எளிதில் பற்றாது என்பதால் எரிப்பும் கெடும். புரொப்பெல்லர் இருந்தால் ஏவ்கேஸ் என்ற பழைய மனக்கணக்கு இனி உதவாது. டாங்க் வாயருகே ஒட்டியிருக்கும் எழுத்து ஒன்றுதான் பேச வேண்டும்.

வாயும் நாசிலும்

தடுப்பு அளவிலேயே இருக்கிறது. 2017 வரை இருந்த அமெரிக்கத் தகுதி விதி எண்களின்படி பெட்ரோல் மட்டுமே குடிக்கும் விமானத்தின் டாங்க் வாய் உள்விட்டம் 2.36 அங்குலத்துக்கு (60 மி.மீ.) மேல் இருக்கக்கூடாது, டர்பைன் விமானத்தின் வாய் 2.95 அங்குலத்துக்கு (75 மி.மீ.) குறையக்கூடாது. ஜெட் நாசிலின் முனை வாத்து அலகு போலத் தட்டையாக, 67 மி.மீ. அகலத்தில் விரிந்திருக்கும். அது சின்ன வாய்க்குள் போகவே போகாது. இதற்கு ஹூவர் நாசில் என்ற பெயரும் உண்டு. புகழ்பெற்ற சாகச விமானி பாப் ஹூவரின் ஷ்ரைக் கமாண்டரில் 1978-இல் ஜெட் எரிபொருள் ஏறி, டேக்-ஆஃப் ஆனதும் இரண்டு இன்ஜினும் ஓய்ந்தன. அவர் உயிர் தப்பினார், பிறகு இந்த நாசில் பரவ முன்னின்றார்.

இந்தத் தடுப்பில் மூன்று ஓட்டைகள் உண்டு. பழைய விமானங்கள் பலவற்றின் வாய் இந்த விதிக்கு முந்தியது, அகலமானது. உங்கள் டாங்க் வாயை ஒரு வெர்னியரால் அளந்து பாருங்கள். 60 மி.மீ.க்கு மேல் வந்தால், அந்த மாடலுக்கு அனுமதி பெற்ற குறுக்கு வளையம் கிடைக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுப் பொருத்துங்கள். ஒரு வேலை நாளைக்கூட எடுக்காத காரியம். தள்ளிப்போடக் காரணமே இல்லை. இரண்டாவது ஓட்டை: சில ஹெலிகாப்டர்களின் வாய் சிறியது என்பதால் ஜெட் லாரிக்காரர்கள் தட்டை முனையைக் கழற்றி உருண்டை முனை மாட்டுகிறார்கள். மறுபடி மாட்ட மறந்தால் அன்றைக்குத் தடுப்பே கிடையாது. மூன்றாவது ஓட்டை கோகோமோவில் பார்த்தது: முனை நுழையாவிட்டால் மேலே பிடித்து ஊற்றும் கை. நாசில் வாய்க்குள் இறங்க மறுத்தால் அதை வசதிக்குறைவாக எண்ணாதீர்கள். விமானம் “வேண்டாம்” என்கிறது. அங்கேயே நிறுத்துங்கள்.

நிறங்களும் உதவும். ஏவ்கேஸ் லாரி, குழாய், நாசில் லேபிள்கள் சிவப்பில் வெள்ளை எழுத்து. ஜெட் லேபிள்கள் கறுப்பில் வெள்ளை எழுத்து. உங்கள் டாங்க் வாயருகே உள்ள ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்து, பெட்ரோல் சிந்திச் சிந்தி உரிந்து போயிருந்தால் புதிது ஒட்டுங்கள். மூடியைத் திறப்பவர் கண்ணில் படும் கடைசி எச்சரிக்கை அது.

நிரப்பும் நேரத்தில்

ஆர்டர் கொடுக்கும்போதே பெயர் சொல்லுங்கள். “ஃபுல் பண்ணிடுங்க” என்பது ஆர்டர் ஆகாது. விமானத்தின் பதிவு எண், “ஏவ்கேஸ் 100எல்எல்” என்ற முழுப்பெயர், எந்த டாங்கில் எத்தனை லிட்டர் என்பது, இவ்வளவும் சொல்லி, முடிந்தால் எழுதிக் கொடுங்கள். வாங்கிக்கொள்பவர் திருப்பிச் சொல்லட்டும்.

லாரி வந்து நின்றதும் நீங்கள் விமானத்தின் அருகில் இருங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் காபி குடித்துக்கொண்டு பில்லை மட்டும் பார்ப்பவருக்கு மற்றச் சோதனைகள் எல்லாம் பாதிப் பலனே தரும்.

1. லாரியின் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். குழாய் உருளையிலும் நாசிலிலும் அதே பெயர் இருக்கிறதா பாருங்கள்.

2. ஊழியரிடம் கேளுங்கள்: “என்ன எரிபொருள் கொண்டுவந்திருக்கீங்க?” பதிலில் பெயர் வர வேண்டும். “ஏவ்கேஸ்தானே?” என்று கேட்டால் “ஆமா சார்” என்றுதான் வரும், அவர் காதில் விழுந்ததா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. அவர் உங்களைக் கேட்டாலும் ஆம், இல்லை என்று நிறுத்தாமல் பெயரைச் சொல்லுங்கள்.

3. மூடியைத் திறப்பதற்கு முன்பே பாண்டிங் கம்பி (நிலைமின் தீப்பொறி வராமல் லாரியையும் விமானத்தையும் இணைப்பது) மாட்டியாக வேண்டும். விமானத்தில் அதற்கென உள்ள புள்ளியில், இல்லாவிட்டால் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். கம்பியைக் கழற்றுவது மூடி போட்ட பிறகு.

4. நாசில் இறங்குவதையும், லாரி மீட்டர் சைபரில் தொடங்குவதையும் பாருங்கள். மூடியை நீங்களே போட்டு, இறுகிவிட்டதா என்று தடவிப் பாருங்கள்.

5. ரசீதில் எரிபொருளின் பெயரைப் படித்த பிறகே கையெழுத்து. லிட்டரையும் தொகையையும் மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவது எல்லோருக்கும் பழக்கம். எத்தனையோ விபத்துகளில் தவறான பெயர் அந்தத் தாளில் தெளிவாக அச்சாகித்தான் இருந்திருக்கிறது.

நாமே ஊற்றிக்கொள்ளும் பம்புகளில் 2-ஆம் படி கிடையாது. அதற்குப் பதில் திரையில் வரும் எரிபொருள் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். கேனில் எடுத்து வருபவர்கள் ஏவ்கேஸுக்கென்றே தனிக் கேன் வைத்துக்கொள்ள வேண்டும். டீசல் புழங்கிய கேனைக் கழுவிப் பயன்படுத்துவது கூடாது.

நிரப்பிய பிறகு: நிறம் ஏமாற்றும், காகிதம் ஏமாற்றாது

மாதிரி எடுக்கும் வேலை நிரப்பிய பின்பு நடக்க வேண்டும். காலையில் ஒருமுறை எடுத்துவிட்டோம் என்று விட்டால், காலையில் டாங்கில் இருந்ததைத்தான் சோதித்திருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுத்து எடுங்கள். தண்ணீர் அடியில் படிய ஏவ்கேஸில் 30 செ.மீ. ஆழத்துக்குச் சுமார் 15 நிமிடம் ஆகும் என்பது நடைமுறைக் கணக்கு. தண்ணீர் போல ஜெட் எரிபொருள் தனியாகப் பிரிந்து நிற்காது. அது ஏவ்கேஸில் முழுதாகக் கரைந்துவிடும். அதனால் இறக்கையை மெல்ல ஆட்டி இரண்டையும் கலக்கவிட்டு, பிறகு படியவிட்டு எடுப்பது நல்லது. முதலில் டாங்க் சம்ப்கள் (டாங்க் அடியில் உள்ள வடிகால்கள்) எல்லாம், கடைசியில் கேஸ்கோலேட்டர். கேஸ்கோலேட்டரில் ஒரு வாய் பிடித்து நிறுத்தினால் குழாயில் நிற்கும் பழைய ஏவ்கேஸ்தான் வரும். நீல நிறத்தில் அழகாகத் தெரிந்து ஏமாற்றும். டாங்க் சம்ப் மாதிரிதான் இங்கே சாட்சி.

100எல்எல் நீலம். ஜெட் ஏ-1 நிறமற்றது அல்லது வைக்கோல் வெளுப்பு. பாதிக்குப் பாதி கலந்தால் என்ன தெரியும்? வெளிறிய நீலம். பக்கத்தில் வைத்து ஒப்பிட நல்ல மாதிரி இல்லாவிட்டால் கண் அதைச் சரி என்றே ஏற்றுக்கொள்ளும். மாதிரிக் குப்பியை வானத்துக்கு எதிரே பிடிப்பது இன்னொரு பிழை. நீல வானம் நிறமற்ற திரவத்தையும் நீலமாக்கிக் காட்டும். வெள்ளைக் காகிதத்தையோ வெள்ளை இறக்கையையோ பின்னணியாக வையுங்கள். இரவில் மஞ்சள் விளக்கடியில் நீலம் செத்துப்போகும். வெள்ளை டார்ச் வேண்டும். இன்னும் ஒன்று: பழைய தர ஏவ்கேஸ்கள் சிவப்பிலும் பச்சையிலும் இருந்தன. வெவ்வேறு சாயங்கள் கலக்கும்போது நிறமே இல்லாமல் போகலாம். ஈயமில்லாத புதிய வகைகளில் சில இயல்பிலேயே நிறமற்றவை. ஆக நிறம் என்பது முதல் பார்வை, தீர்ப்பு அல்ல.

தீர்ப்புக்குக் காகிதச் சோதனை. வழவழப்பில்லாத சாதாரண வெள்ளைத் தாளை நிழலில் சமமாக வையுங்கள். டாங்க் மாதிரியில் ஒரு சொட்டு விடுங்கள். நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஏவ்கேஸ் ஒரு சொட்டைப் பக்கத்தில் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் ஏவ்கேஸ் ஆவியாகிவிடும். மிஞ்சினால் மெல்லிய நீலச் சாயம் மட்டும் தெரியும். ஜெட் எரிபொருள் கலந்த சொட்டு எண்ணெய்க் கறையாக, ஒளி ஊடுருவும் வளையமாக நின்றுவிடும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள், பஜ்ஜி வைத்த காகிதம் போல இருந்தால் அந்த விமானம் இன்றைக்குப் பறக்காது. சிறிதளவு கலப்பையும் இது காட்டிக்கொடுக்கும் என்பதால் நிறத்தைவிட இதையே நம்பலாம். விரல் நுனியில் தேய்த்தால் ஏவ்கேஸ் சில்லென்று உலரும், ஜெட் வழவழக்கும். மண்ணெண்ணெய் மணமும் அடிக்கும். ஏவ்கேஸில் ஈயம் இருப்பதால் இதை வழக்கமாக்காமல் சந்தேகம் வரும்போது மட்டும் செய்து கையைக் கழுவுங்கள்.

குப்பி முழுதும் நிறமில்லாமல் இருந்தால் அது ஜெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, முழுக்கத் தண்ணீராகவும் இருக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு அடியில் போய் நின்றால் மேலே இருப்பது எரிபொருள், மாயமாக மறைந்தால் தண்ணீர்.

சாலைப் பெட்ரோலுக்கு அனுமதி பெற்ற விமானம் வைத்திருப்பவர்களுக்கு எத்தனால் இன்னொரு தவறான எரிபொருள். கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மி.லி. தண்ணீர் எடுத்து, 90 மி.லி. பெட்ரோல் சேர்த்து, மூடிக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். அடியில் நிற்கும் நீர்மட்டம் 10-ஐத் தாண்டி உயர்ந்திருந்தால் பெட்ரோலிலிருந்த ஆல்கஹால் நீரில் இறங்கியிருக்கிறது.

மேலே போன பிறகு தெரிந்தால்

இன்ஜின் சத்தம் முரடாவது, சிலிண்டர் தலை வெப்பம் கிடுகிடுவென ஏறுவது, வெள்ளைப் புகை, சக்தி இறங்குவது: நிரப்பிய உடனே கிளம்பிய பயணத்தில் இவை சேர்ந்து வந்தால் எரிபொருளைச் சந்தேகியுங்கள். உயரம் குறைவாக இருந்தால் மூக்கைத் தாழ்த்தி மிதவை வேகத்தைப் பிடித்து, எதிரே தெரியும் இடத்தில் இறங்குவதுதான் வழி. வேகமில்லாமல் திரும்பும் ஆசை உயிரைக் குடித்துவிடும். கை காலியாக இருந்தால், நிரப்பப்படாத டாங்க் ஏதாவது உண்டென்றால் அதற்கு மாற்றுங்கள். மிக்ஸ்சர் முழு ரிச், அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருள் மிக அதிகமான நிலை. ஓடுபாதைக்குள்ளேயே உணர்ந்தால் திராட்டிலை மூடி நிறுத்துங்கள். எட்டும் தூரத்தில் பாதை இருந்து உயரமும் இருந்தால், பறத்தலைத் தாங்கும் அளவுக்குச் சக்தியைக் குறையுங்கள்; டெட்டனேஷன் முழுச் சக்தியில்தான் வேகமாகத் தின்னும். இரட்டை இன்ஜின் என்ற தைரியம் இங்கே செல்லாது. ஒரே லாரி இரண்டு இறக்கையையும் நிரப்பியிருக்கிறது, இரண்டு இன்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

தரையிலேயே பிடிபட்டால்

மாஸ்டர் சுவிட்சைத் தொடாதீர்கள், பூஸ்ட் பம்பைப் போடாதீர்கள், தள்ளி நிறுத்துவதற்காகக்கூட இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பம்ப் ஓடினால் இதுவரை டாங்கோடு நின்ற சரக்கு குழாயெங்கும் பரவும். எரிபொருள் செலக்டரை (எந்த டாங்கிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் வால்வு) மூடி, “பறக்கக்கூடாது” என்று எழுதிக் கைப்பிடியிலும் கதவிலும் தொங்கவிட்டு, மெக்கானிக்கை அழையுங்கள். நிரப்பிய லாரி அடுத்து யாருக்குப் போனது என்பதை உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொரு விமானம் அதே எரிபொருளோடு டாக்ஸி போய்க்கொண்டிருக்கலாம்.

வடிக்கும்போது தீ பற்றிய எச்சரிக்கை வேண்டும். ஏவ்கேஸ் மட்டும் உள்ள டாங்கில் ஆவி அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால் பொதுவாகப் பற்ற இடமில்லை. மேலே ஜெட் ஊற்றினால் அது அந்த ஆவியை உறிஞ்சி, பற்றக்கூடிய அளவுக்கு இறக்கிவிடும். அதனால் கலவையை ஏவ்கேஸைவிட ஒருபடி கவனமாகக் கையாளுங்கள்: திறந்த வெளி, உலோகப் பாத்திரம், விமானத்துக்கும் பாத்திரத்துக்கும் பாண்டிங், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். பிளாஸ்டிக் வாளி கூடாது.

ஒரு டாங்கில்தான் தவறாக ஊற்றினார்கள், அதை மட்டும் வடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மேல் இறக்கைச் செஸ்னாக்களில் செலக்டர் இரண்டு டாங்குக்கும் பொதுவாக இருந்தால் எரிபொருள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும். கான்டினென்டல் இன்ஜெக்ஷன் அமைப்பு மிச்ச எரிபொருளைத் திருப்பி டாங்குக்கு அனுப்பும். இன்ஜின் கொஞ்சம் ஓடியிருந்தால் மற்ற டாங்கும் கெட்டிருக்கலாம். எல்லா டாங்கையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள்.

சம்ப் வழியாக முழுதும் வடித்த பிறகு ஒவ்வொரு டாங்கிலும் 10 லிட்டர் புது ஏவ்கேஸ் ஊற்றி, இறக்கையை ஆட்டி, மறுபடி வடியுங்கள். வடித்ததில் காகிதச் சோதனை. கறை விழுந்தால் மறுபடி அலசல். ரப்பர் பை டாங்குகளில் மடிப்புகளுக்குள் திரவம் தேங்கும் என்பதால் இரண்டு மூன்று சுற்று ஆகலாம். பிறகு குழாய்கள்: செலக்டரின் ஒவ்வொரு நிலையிலும், கிராஸ்ஃபீட் (ஒரு பக்க டாங்கிலிருந்து மறுபக்க இன்ஜினுக்குப் போகும் வழி) இருந்தால் அதிலும், ஹெடர் டாங்கிலும் (நடுவில் உள்ள சிறு டாங்க்) புது எரிபொருள் ஓடி வெளியேற வேண்டும். கேஸ்கோலேட்டர் கிண்ணத்தையும் வலையையும் கழற்றிக் கழுவுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடிப் பிளக்கைத் திறந்து வடியுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது எரிபொருள் தெளிக்கும் பிரைமர் குழாயை மறந்துவிடுவது வழக்கம், அதையும் அலசுங்கள்.

இன்ஜின் ஓடாமல் இருந்திருந்தால் வேலை இதோடு முடியும். ஓடியிருந்தால் நிலைமை வேறு. எவ்வளவு நேரம், எந்தச் சக்தியில், எவ்வளவு வெப்பத்தில் ஓடியது என்பதை நினைவு மங்கும் முன் எழுதிவையுங்கள். இன்ஜின் மானிட்டர் இருந்தால் அதன் தரவை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு கம்ப்ரஷன் சோதனை. பிளக் ஓட்டை வழியே போரோஸ்கோப் (உள்ளே பார்க்கும் மெல்லிய குழாய்க் கருவி) விட்டுப் பிஸ்டன் தலை, வால்வு, சிலிண்டர் சுவர் பார்ப்பது. ஆயிலை வடித்து ஃபில்டரை வெட்டி உலோகத் துகள் தேடுவது. பிளக்கின் பீங்கான் வெடித்திருந்தாலோ, முனையில் அலுமினிய மணிகள் ஒட்டியிருந்தாலோ பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கிறது. லைகமிங் இன்ஜின்களுக்குத் தவறான எரிபொருளுக்கென்றே 398-ஆம் எண் சர்வீஸ் புல்லட்டின் உண்டு. மற்ற இன்ஜின்களுக்கு அந்தந்தத் தயாரிப்பாளரின் அறிவுரை. முழுச் சக்தியில் ஓடிய இன்ஜினைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுக்கச் சொல்லி மெக்கானிக்கை நெருக்காதீர்கள். டெட்டனேஷனில் விரிசல் விட்ட வளையமோ கனெக்டிங் ராட் பேரிங்கோ அடுத்த 20 மணி நேரம் அமைதியாக ஓடிவிட்டு அதன் பிறகு உடையக்கூடும்.

திரும்பப் பறக்கும் முன் விமானத்தைக் கட்டைவைத்துத் தரையில் ஓட்டுங்கள். குழாயில் உள்ளது தீர்ந்து டாங்க் எரிபொருள் இன்ஜினுக்கு வரும் வரை ஓட்டி, பிறகே முழுச் சக்திக்குப் போய், எல்லாச் சிலிண்டர்களின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்திய பிறகு எல்லாச் சம்ப்களிலும் மறுபடி மாதிரி எடுத்துத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அலசிய தேதி, வடித்த லிட்டர், போரோஸ்கோப்பில் கண்டது எல்லாம் இன்ஜின் லாக் புத்தகத்தில் ஏற வேண்டும். வடித்த கலவை இருக்கும் டிரம்மில் பெரிய எழுத்தில் “கலப்பு எரிபொருள், விமானத்துக்கு அல்ல” என்று எழுதி, ஏவ்கேஸ் கேன்கள் இருக்கும் அறையிலிருந்து வெளியே வைத்துவிடுங்கள்.